பயிலாததைப் பயின்றதோடு சார்த்தி

‘செட்டிநாடு இஸ் நோட்டோரியஸ் ஃபார் இட்ஸ் ஃபுட்.’

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் நோட்டில் எழுதிவந்த வாக்கியம் இது. இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை. நான் சிவப்பு மையில் வட்டம் போட்டதும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “‘நோட்டோரியஸ்’னா பேர்போனதுன்னுதானே சார் போட்டிருக்கு?” என்று கைடைத் திறந்து காட்டினாள். அப்படித்தான் போட்டிருந்தது. அவள் மனப்பாடம் செய்ததில் தவறே இல்லை.

தமிழில் ‘பேர்போன’ என்பது இரண்டு பக்கமும் போகும் சொல். பேர்போன பலகாரம் என்றும் சொல்வோம், பேர்போன திருடன் என்றும் சொல்வோம். ஆங்கிலம் இந்த இரண்டையும் வேறுவேறு சொற்களில் வைத்திருக்கிறது. கெட்ட காரியத்துக்குப் பெயர் எடுத்தால்தான் அங்கே ‘நோட்டோரியஸ்’. நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி அப்படி எழுதினால், சாப்பிட்டவனுக்கு வயிறு கெட்டுப்போகும் ஊர் என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். கைடு சொன்னது பொய் இல்லை, பாதி. மீதிப் பாதி ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. அந்த வாக்கியத்தை அவளுக்கு யாரும் காட்டவில்லை.

காரைக்குடியில் மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பல வருடம் ஆகிறது. தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், குன்றக்குடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். பெரும்பாலும் அரசுப் பணி, வங்கிப் பணித் தேர்வு எழுதுகிறவர்கள். எல்லோர் பையிலும் ஒரே மாதிரி நோட்டு: இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் ஒற்றைத் தமிழ்ச் சொல், நாளைக்கு இருபது வீதம். மாதம் முடிந்தால் அறுநூறு சொல் சேர்ந்துவிடும். அந்த அறுநூறில் எத்தனையை ஒரு கடிதத்திலோ நேர்முகத் தேர்விலோ தைரியமாகப் பயன்படுத்துவாய் என்று கேட்டால் பதில் வராது. உழைப்பு குறைந்ததால் வந்த வினை இல்லை இது. உழைப்பை எங்கே போடுவது என்பதில் வந்த கோளாறு.

முதலில், உயர்நிலைச் சொல்வளம் என்பது எது? அதற்கென்று விற்கும் புத்தகங்கள், யாரும் கேள்விப்படாத சொற்களைக் கோத்துக் கொடுத்துவிடுகின்றன. உண்மை நிலவரம் வேறு. மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953இல் தொகுத்த பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2,000 தலைச்சொற்கள்தான் உண்டு. சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த அளவுச் சொற்களிலேயே அடங்கிவிடுகிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் 2006இல் வேறொரு கணக்குப் போட்டார். நாவல், செய்தித்தாள் போன்றவற்றை அகராதி துணையில்லாமல் படிக்க, அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல்தான் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால், 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றார். குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த சொற்களும் சேர்ந்தது. ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 குடும்பங்கள். பாடநூல், ஆய்வுக் கட்டுரை வகை எழுத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை அவையே நிரப்புகின்றன. இரண்டாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் நடுவில் கிடக்கிற அந்தப் பரப்புதான் நாம் உழ வேண்டிய நிலம். அங்கே இருப்பவை விநோதச் சொற்கள் இல்லை. நாளிதழின் தலையங்கத்தில் தினமும் வருகிற சொற்கள். பார்த்த முகம், பழகாத ஆள்.

பழகுவது எப்படி என்று பார்ப்பதற்கு முன், ஓர் அகராதிக்குள் விளக்கம் எப்படி வந்து உட்காருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளங்கவைப்பது எளிது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், பெட்டியடிப் பையனாகப் போய்ச் சேர்கிற சிறுவன் முதலில் கற்றுக்கொண்டது கணக்கு. அன்றன்றைக்கு நடந்த கொடுக்கல் வாங்கல் குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் பெயர்ப்பார்கள். கடைசியில் ஐந்தொகை, அதாவது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த முடிவுக் கணக்கு, எடுப்பார்கள். குறிப்பைப் பார்க்காமல் ஐந்தொகையை மட்டும் பார்த்துத் தலையாட்டுகிற முதலாளி தொழில் நடத்தியிருக்க மாட்டார்.

அகராதியும் இதே வரிசையில்தான் பிறக்கிறது. முதலில் வாக்கியம், அப்புறம் விளக்கம். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் சுமார் 42,000 சொற்கள். அவற்றுக்கு ஆதாரமாக நூல்களிலிருந்து எடுத்து வைத்த மேற்கோள்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்கு, படித்த நூல்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிய தன்னார்வலர்கள் ஏராளம். 1884இல் முதல் பகுதி வந்து, 1928இல் முடிந்தது. ஆசிரியர் ஜேம்ஸ் மரே அதற்குள் இறந்தே போனார். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் நோட்டீஸ், அழைப்பிதழ் வரை எறியாமல் சேர்த்துவைத்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவர் சேகரிப்பை வைத்துத்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. சொல் எப்படிப் புழங்கியது என்பதற்குச் சாட்சி அப்படிப்பட்ட காகிதங்களில்தான் கிடக்கிறது. விளக்கம் என்பது அந்தச் சாட்சிகள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து எடுத்த ஐந்தொகை. எடுத்துக்காட்டு வாக்கியம் குறிப்பேட்டின் ஒரு வரி. ஐந்தொகையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வியாபாரம் பண்ணப் போவதுபோல்தான் நம் பிள்ளைகள் தேர்வுக்குப் போகிறார்கள்.

அதற்காக விளக்கத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல விளக்கம் என்பது அரிய பொருள். அதற்கு இலக்கணம் சொன்னவர் நம்மவர். தொல்காப்பியத்தின் உரியியல் முதல் நூற்பாவிலேயே ‘பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி’ என்று வருகிறது. பழக்கமில்லாத சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்துப் பொருள் சொல்ல வேண்டும் என்கிறார். அதே இயலில் ‘உறு, தவ, நனி’ என்ற மூன்று சொல்லுக்கும் ‘மிகுதி’ என்று எல்லோருக்கும் தெரிந்த சொல்லால் பொருள் காட்டுகிறார். இன்னோரிடத்தில், ‘பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே’ என்கிறார். பொருளுக்குப் பொருள், அதற்கும் பொருள் என்று தேடிக்கொண்டு போனால் முடிவே இல்லை. தெரிந்த ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும்.

ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகள் இந்த இடத்துக்கு வந்துசேர 20ஆம் நூற்றாண்டு ஆயிற்று. வந்து சேர்ந்ததும் இங்கிலாந்து வகுப்பறையில் இல்லை. மேலே சொன்ன மைக்கேல் வெஸ்ட் இந்தியக் கல்விப் பணியில் டாக்காவில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கில அகராதியைத் திறந்தால், தெரியாத ஒரு சொல்லுக்குத் தெரியாத மூன்று சொற்களில் பொருள் எழுதியிருப்பதைக் கண்டவர். 1935இல் ஜேம்ஸ் எண்டிகாட்டோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த அகராதி, சுமார் 24,000 சொல், தொடர்களை வெறும் 1,490 சொற்களுக்குள் நின்று விளக்கியது. ஆல்பர்ட் ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கில ஆசிரியர். அவரும் இரண்டு தோழர்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சாகி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடானது. இன்றைக்கு மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் மூலம் அதுதான். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரும், எது வராது என்பதை அதில் வகை பிரித்துக் காட்டினார். ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘அபௌட்’ கூடாது, ‘சஜஸ்ட் மீ’ என்று கேட்கக் கூடாது என்பதெல்லாம் அந்த வழியில் நமக்குத் தெரிய வருகிறது. 1978இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள் எல்லா விளக்கத்தையும் எழுதியது.

1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்த கோபில்டு அகராதி இன்னொரு படி போனது. கணினியில் திரட்டிய உண்மையான எழுத்து, பேச்சிலிருந்து மட்டுமே எடுத்துக்காட்டு. விளக்கத்தையும் முழு வாக்கியமாக எழுதினார்கள்: ‘ஒருவர் இப்படிச் செய்தால், அதற்கு இந்தச் சொல்’ என்கிற பாணி. அகராதி உலகத்தில் அதைப் புதுமை என்று பேசினார்கள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. சிறுவயதில் நான் ஒருநாள், “அங்கலாய்க்கிறதுன்னா என்ன அப்பத்தா?” என்று கேட்டேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே சொன்னாள்: “பக்கத்து வீட்டுல புதுச் சங்கிலி வாங்கிட்டாக, நமக்கு இல்லையேன்னு நாலு பேருகிட்டச் சொல்லிச் சொல்லி ஏங்குனா, அதுதான்யா அங்கலாய்க்கிறது.” யார் செய்வது, எப்போது, எந்த மனநிலையில், சொல்கிறவருக்கு அதில் மதிப்பு உண்டா இல்லையா, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ‘குறைபட்டுக்கொள்ளுதல்’ என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு இந்த வயது வரைக்கும் நினைவிருக்காது.

ஒற்றைச் சொல் விளக்கம் என்ன செய்யும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் சான்று, அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் பட்ரீஷியா கில்டீயும் 1987இல் எழுதியது. பள்ளிப் பிள்ளைகளிடம் அகராதி விளக்கத்தைக் கொடுத்து, அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். மண்ணை நீர் அரிப்பதைக் குறிக்கும் ‘இரோட்’ என்ற சொல்லுக்கு, அரித்துத் தின்பது என்ற கருத்தில் ‘ஈட் அவுட்’ என்று போட்டிருந்தது. ஓட்டலில் சாப்பிடுவதற்கும் ஆங்கிலத்தில் ‘ஈட் அவுட்’தான். ஒரு பிள்ளை, ‘எங்கள் குடும்பம் அடிக்கடி இரோட் செய்யும்’ என்று எழுதியது. ‘மெட்டிகுலஸ்’ என்றால் மிகக் கவனமான என்று பார்த்த இன்னொன்று, மலை விளிம்பிலிருந்து விழுந்துவிடாமல் மெட்டிகுலஸாக இருந்ததாக எழுதியது. தாய்மொழி ஆங்கிலமாக உள்ள பிள்ளைகள் இவர்கள். விளக்கத்தில் தங்களுக்குத் தெரிந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு, பழைய வாக்கியத்தில் அந்தத் துண்டு இருந்த இடத்தில் புதுச் சொல்லைச் செருகிவிட்டார்கள். ‘நோட்டோரியஸ்’ எழுதிய பெண் செய்ததும் இதுவே. மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை.

ஒரு சொற்கூட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். செட்டிநாட்டில் ‘செட்டு’ என்பது பாராட்டு. “அந்த வீட்டு ஆச்சி ரொம்பச் செட்டு” என்றால் காசின் அருமை தெரிந்து குடும்பம் நடத்துகிறவர் என்று பொருள். ‘கஞ்சம்’ என்றால் ஏச்சு. ஆங்கிலத்தில் திரிஃப்டி, ஃப்ருகல், ஸ்டிஞ்சி, பார்சிமோனியஸ் என்று நான்கு சொல் இருக்கின்றன. கைடில் நான்குக்கும் ‘சிக்கனமான, கஞ்சத்தனமான’ என்று ஒரே வரி. தேர்வில் ஒருபொருட்பன்மொழி கேட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். வாக்கியத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆள்.

‘திரிஃப்டி’ நம்முடைய செட்டு. ‘திரைவ்’, அதாவது செழிப்பது என்ற சொல்லின் உறவு அது. காசை வீணாக்காமல், பெருக்கவும் தெரிந்தவன். ‘ஃப்ருகல்’ எளிமையின் பக்கம் நிற்கிறது: தேவைக்கு மேல் வேண்டாம் என்பவர். ஆளுக்கு மட்டுமன்றிச் சாப்பாட்டுக்கும் அது வரும். ‘எ ஃப்ருகல் மீல்’ என்றால் கஞ்சியும் துவையலும் என்று வைத்துக்கொள்ளலாம். ‘ஸ்டிஞ்சி’ என்பது கொடுக்க மனம் வராதவன். பந்தியில் ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் அரைக் கரண்டி போடுகிற கை. ‘பார்சிமோனியஸ்’ அதே குற்றத்தைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்வது; எழுத்தில் வரும், பேச்சில் அரிது. ‘மைசர்’ என்ற பெயர்ச்சொல் துயரப்பட்டவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ‘மிசரி’க்குக் கூடப்பிறந்தது. காசு இருந்தும் தானும் அனுபவிக்காதவன்.

இப்போது பர்மா தேக்கில் தூண் நிறுத்தி, இரண்டாம் கட்டு மூன்றாம் கட்டு என்று அடுத்த தெரு வரைக்கும் வீடு கட்டிவிட்டு, வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் கணக்கு எழுதுகிற ஒரு பெரியவரை எந்தச் சொல்லால் சொல்வது? இதை வகுப்பில் கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். ‘ஃப்ருகல்’ என்றால் வீடு இடிக்கிறது. ‘ஸ்டிஞ்சி’ என்றால் அவர் நடத்திய அன்னதானம் மறுக்கிறது. ‘திரிஃப்டி’தான் பொருந்துகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் நான்கு சொல்தான் படித்திருப்பார்கள். ஆனால் அந்த நான்கும் போகாது.

இந்த மண்ணுக்கு இப்படிப்பட்ட விவாதம் புதிதில்லை. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவில், அனுமன் இராமனிடம் சேதி சொல்லும்போது ஏன் ‘கண்டனென்’ என்று வினையை முன்னால் வைத்தான் என்று கேட்டுக் கேட்டு ரசிக்கிற ஊர் இது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கத் தெரிந்த காதுகள், ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் ஒரு கோடு போட்டு ஒரு பொருள் எழுதிக்கொள்வதை என்னால் ஏற்க முடிவதில்லை.

விளக்கத்தில் வராமல் வாக்கியங்களில் மட்டும் தெரிகிற ஒன்று உண்டு. தமிழில் ‘இழை’ என்ற வினையை எடுங்கள். கொடுமை இழைத்தான், அநீதி இழைத்தான், துரோகம் இழைத்தான். நன்மை இழைத்தான் என்று எவரும் சொல்வதில்லை. ‘செய்’ என்று பொருள் எழுதிவைத்தால் இந்தச் செய்தி போய்விடுகிறது. ஆங்கிலத்தில் ‘கமிட்’ இப்படித்தான். குற்றம், தவறு, தற்கொலை இவற்றோடுதான் அந்தப் பொருளில் அது வரும். ‘செட் இன்’ என்ற தொடரைப் பற்றி சின்க்ளேர் கவனித்துச் சொன்னார்: அதற்கு எழுவாயாக வருபவை பெரும்பாலும் விரும்பத்தகாதவை. மழைக்காலம், அழுகல், விரக்தி. மகிழ்ச்சி அப்படி வந்து குடியேறுவதாக எழுதுவதில்லை. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்து அறியலாம் என்ற கருத்தில் 1957இல் எழுதியவர் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த். அவரும் லாகூரில் பல வருடம் பேராசிரியராக இருந்தவர்தான். ‘இழை’யின் கூட்டாளிகள் யார் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை; ஆயிரம் வாக்கியம் கேட்டு வந்தது. ஆங்கிலத்தில் அந்த ஆயிரத்துக்கு நேரமில்லை என்பதால்தான், பொறுக்கி எடுத்த நான்கு நல்ல வாக்கியங்கள் தேவைப்படுகின்றன.

பழைய பொருள் ஒரு பக்கம் இருக்க, புழக்கம் சொல்லை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதற்கு நம் கட்டுமரமே சாட்சி. இங்கே அது மரத்தைச் சேர்த்துக் கட்டிய மிதவை. ஆங்கிலத்துக்குப் போன ‘கட்டமரன்’ இன்று இரட்டை அடிப்பாகம் கொண்ட படகு.

வேர்ச்சொல் வழியாகக் கற்பதற்கும் இங்கே இடம் உண்டு, அளவாக. நம்பு என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து ‘க்ரெடிட்’ வந்தது. உண்டியல் என்ற பணச் சீட்டு எழுதி ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் பணம் நகர்த்திய ஊரில் இதற்கு விளக்கமே வேண்டாம், கடனுக்கு அடியில் இருப்பது நம்பிக்கை. அதே வேரில் நம்பத்தக்க ‘க்ரெடிபிள்’, நம்ப முடியாத ‘இன்க்ரெடிபிள்’, எதையும் நம்பிவிடுகிற ஏமாளிக்கு ‘க்ரெடுலஸ்’. கடைசி இரண்டையும் மாற்றிப் போட்டால் பொருள் தலைகீழ். இதை வேர் காட்டாது, வாக்கியம்தான் காட்டும். ‘மெட்டிகுலஸ்’ லத்தீனில் அச்சம் என்ற சொல்லிலிருந்து வந்தது. இன்றைக்கு அதில் பயத்தின் சுவடே இல்லை.

‘இன்ட்ரெஸ்ட்’ என்ற சொல் நம் பிள்ளைகளுக்கு வட்டி, ஆர்வம் என்று இரண்டாகத் தெரியும். மூன்றாவதாக நலன், பங்கு என்ற பொருள் தெரிவதில்லை. அது தெரிந்தால்தான் ‘டிஸ்இன்ட்ரெஸ்டட்’ புரியும். ஆர்வமில்லாதவர் என்று எழுதிக்கொள்கிறார்கள். சரியான பொருள், தனக்கு அதில் பங்கில்லாத நடுநிலையாளர். சொத்துத் தகராறில் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிற பெரியவர் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆர்வமில்லாமல் கொட்டாவி விடுகிறவருக்கு ‘அன்இன்ட்ரெஸ்டட்’.

தமிழ்ப் பொருளே எழுதக் கூடாது என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கல்பாசி, அன்னாசிப்பூ, மராத்தி மொக்கு போன்றவற்றின் ஆங்கிலப் பெயர்களுக்கு எட்டு வரி விளக்கம் படிப்பது வீண். தமிழ்ப் பெயரைச் சொன்னால் மூக்கில் மணம் வந்துவிடும். கண்ணால் பார்க்கக்கூடிய பொருளுக்குத் தமிழ் போதும். குணம், மதிப்பீடு, மனநிலை, உறவு இவற்றைச் சொல்லும் சொற்களுக்குத்தான் ஆங்கில விளக்கமும் வாக்கியமும் கட்டாயம். ‘ரிடீம்’ போன்ற சில சொற்களில் தமிழ் இன்னும் அழகாக உதவும். அடகு நகையை மீட்பதற்கும் அதே சொல், பாவத்திலிருந்து மீட்பதற்கும் அதே சொல். தமிழின் ‘மீட்பு’ம் இரண்டு இடத்திலும் நிற்கிறது. ஒட்டுமொத்தமாக மோசமான ஒன்றில் இருக்கும் ஒரே நல்ல அம்சத்துக்கு ‘ரிடீமிங் ஃபீச்சர்’ என்பார்கள், மூழ்கிப்போகாமல் அதை மீட்கிற ஒன்று. தமிழிலேயே எடுத்துக்காட்டு வாக்கியத்தின் பயனைப் பார்க்க விரும்புகிறவர்கள், 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டலாம்.

எல்லா எடுத்துக்காட்டு வாக்கியமும் நல்லதல்ல. ‘அவர் ஒரு மெட்டிகுலஸ் மனிதர்’ என்ற வாக்கியத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘குள்ளமான’ என்று போட்டாலும் வாக்கியம் நிற்கும். அப்படியென்றால் அது எதையும் சொல்லித்தரவில்லை. சொல்லை மறைத்தாலும் சுற்றியுள்ள சொற்கள் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு மாணவன் ஆத்தங்குடியைச் சேர்ந்தவன், அவன் வீட்டில் தரைக்கல் தொழில். கண்ணாடிமேல் அச்சை வைத்து, அதன் கட்டங்களுக்குள் ஒவ்வொரு வண்ணக் கலவையாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்காமல் நிற்க வேண்டும். அவன் எழுதிய வாக்கியத்தின் கருத்து இது: ‘என் அப்பா மெட்டிகுலஸ், ஒரு துளி பச்சை கோடு தாண்டியதற்காக முழுக் கல்லையும் ஒதுக்கிவைத்தார்.’ மிகக் கவனம் என்றால் ஆபத்துக்குப் பயந்த கவனம் இல்லை, சிறு விவரத்தையும் விடாத கவனம் என்பது அதில் தானாக வந்துவிட்டது. அச்சான எந்த அகராதி வாக்கியத்தையும்விட அவனுக்கு அது கெட்டி.

ஆனால் சொந்த வாக்கியம் மூன்றாவது படி. முதலில் விளக்கம், அடுத்து அகராதியில் நான்கைந்து வாக்கியங்கள், அதற்குப் பிறகுதான் சொந்தம். இரண்டாவதைத் தாண்டிக் குதித்தால் மில்லர் கண்ட பிள்ளைகளின் கதைதான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றின் கற்போர் அகராதிகளும் கைப்பேசியில் காசில்லாமல் கிடைக்கின்றன. மூன்றிலும் ஒரே சொல்லைப் பார்த்தால் பன்னிரண்டு வாக்கியமாவது தேறும். நோட்டில் சொல்லுக்கு எதிரே தமிழ்ப் பொருள் எழுதுகிற இடத்தில், கூடவே வரும் சொற்களை எழுதச் சொல்கிறேன்.

மறதிக்கு வருவோம். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது. செபாஸ்டியன் லைட்னர் 1972இல் இதை அட்டைப் பெட்டியாக மாற்றினார். என் வகுப்பில் பெட்டிக்குப் பதில் மூன்று ஓலைக் கொட்டான்கள். அட்டையின் ஒரு பக்கம் சொல்லை மறைத்த வாக்கியம், மறுபக்கம் சொல். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த கொட்டானுக்குப் போகும், தவறினால் முதல் கொட்டானுக்கே திரும்பும். முதலாவது தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மறைத்துவிட்டு நினைவிலிருந்து எடுப்பது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். வாசித்த ஐந்தாவது நிமிடத்தில் கேட்டால் வாசித்தவர்களே முந்துகிறார்கள். நோட்டைப் புரட்டுகிறவனுக்கு எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றுவது இதனால்தான்.

திண்ணைப் பள்ளியில், செய்யுளில் சொற்பொருள் சொல்லும் பழைய நூலான நிகண்டை மனப்பாடம் செய்த காலத்தோடு இதை ஒப்பிட்டு, “அந்தக் காலத்துல உருப்போட்டுத்தானே படிச்சாக?” என்று கேட்கிறவர்கள் உண்டு. உருப்போட்டது உண்மை. அதில் ஒருசொல் பல்பொருளுக்கென்று தனித் தொகுதியே இருந்தது. ஆனால் நிகண்டு முடித்த பையன் அதோடு வீட்டுக்குப் போகவில்லை. அடுத்து இலக்கியம் படித்தான். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் பாட்டுக்குள் வந்து நின்றன. அவனுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் பின்னால் காத்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு நிகண்டு மட்டும் கொடுத்துவிட்டுப் பாட்டைக் கொடுக்காமல் இருக்கிறோம். நாளைக்கு இருபது சொல் என்பதை ஐந்தாக்கி, மீதி நேரத்தில் ஒரு தலையங்கம் படிக்க வைத்தால் போதும் என்று பெற்றோரிடமும் சொல்லிப் பார்க்கிறேன். ஐந்து என்றால் முகம் மாறுகிறது.

நோட்டோரியஸ் எழுதிய பெண் மறுநாள் புது வாக்கியத்தோடு வந்தாள். ஊருக்கு வெளியே விபத்து அடிக்கடி நடக்கிற ஒரு வளைவைப் பற்றி, அது விபத்துக்கு நோட்டோரியஸ் என்று எழுதியிருந்தாள். கூடவே ‘ஃபார்’ என்ற இடைச்சொல்லுக்கு அடியில் அவளே கோடு போட்டிருந்தாள். பக்கத்தில் வேறொரு சொல்லை எழுதிக் கேள்விக்குறி.

“சார், ‘இன்ஃபேமஸ்’னா ஃபேமஸ் இல்லாததா?”

“நாலு வாக்கியம் பார்த்துட்டு வந்து நீயே சொல்லும்மா” என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள்.